பாக்ஸ்டின் ‘டெரர் ஆன்டிகுவஸ்’: அந்தச் சிலை ஏன் சிரிக்கிறது?

தென்கரை | பிப்ரவரி 8, இரவு 9.50

ரஷ்ய ஓவியர் லியோன் பாக்ஸ்ட் 1908-ல் முடித்த ‘டெரர் ஆன்டிகுவஸ்’. பழங்கால அச்சம். பின்னால் ஒரு நாடே கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது: மின்னல், கோட்டை, கோயில், எறும்பளவில் ஆட்கள். முன்னால் ஒரு கல் பெண், மார்போடு நீலப் பறவையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். இந்தப் படத்தைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாம் ‘நாகரிகம் அழியும், அழகு நிலைக்கும்’ என்று முடித்துவிடுகிறார்கள். என் கட்சி வேறு. அந்தச் சிரிப்பில் அழகும் இல்லை, ஆறுதலும் இல்லை. அது கேலி. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

மண்வெட்டி | பிப்ரவரி 8, இரவு 11.15

கேலி இல்லை. சிரிப்பே இல்லை.

அது ‘கோரே’ வகைச் சிலை. கிரேக்கத்தின் ஆர்கைக் காலத்தில், ஏறக்குறைய கி.மு. 6-ஆம் நூற்றாண்டில், கோயிலுக்குக் காணிக்கையாக நிறுத்திய இளம்பெண் உருவம். அந்தக் காலத்துச் சிற்பி உதட்டோரத்தை மேலே வளைத்து விடுவான். காணிக்கைப் பெண்ணுக்கும் அதே வளைவு, குத்துப்பட்டுச் சாகிற வீரனுக்கும் அதே வளைவு. ஈஜினா தீவின் அஃபையா கோயில் மேற்கு முகப்பில், மார்பில் தைத்த அம்பைப் பிடுங்குபவனும் இப்படித்தான் ‘சிரிக்கிறான்’. முகத்துக்கு உயிர் கொடுக்க அன்றைக்குக் கைவசம் இருந்த வழி அது. கி.மு. 480-ஐ ஒட்டி அந்த வளைவு மறைந்துபோகிறது.

தென்கரை | பிப்ரவரி 9, காலை 7.05

சிற்பிக்கு அது வழக்கம், சரி. பாக்ஸ்ட் சிற்பி இல்லையே. 1908-ல் உட்கார்ந்து தூரிகையால் அந்த வளைவைப் போட்டவர். வேண்டாம் என்றால் விட்டிருக்கலாம்.

கரிக்கோடு | பிப்ரவரி 9, மதியம் 1.30

இரண்டு பேரும் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். முதலில் படத்தின் சட்டகத்தைப் பாருங்கள்.

உயரம் 250 செ.மீ., அகலம் 270 செ.மீ. எண்ணெய் வண்ணம், கான்வாஸ். இருப்பது செயின்ட் பீட்டர்ஸ்பர்க், ரஷ்ய அருங்காட்சியகம். கிட்டத்தட்ட சதுரம், ஆள் உயரத்துக்கும் மேலே. சிலை கீழ் விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கிறது. பாதம் கிடையாது, பீடம் கிடையாது, எதன்மேல் நிற்கிறாள் என்பதற்குத் தடயமும் கிடையாது.

இனி ஒரு சோதனை. அச்சுப் பிரதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளை வெட்டிச் சிலையை மட்டும் மறையுங்கள். மிஞ்சுவது 19-ஆம் நூற்றாண்டில் டஜன் கணக்கில் வந்த பிரளயக் காட்சிதான், கொஞ்சம் தேசப்பட வாடையோடு. இப்போது மாற்றிச் செய்யுங்கள். நிலம், கடல், வானம் எல்லாவற்றையும் மறைத்துச் சிலையை மட்டும் விடுங்கள். அருங்காட்சியகத்தில் எடுத்த புகைப்படம் போல இருக்கும். தனித்தனியாக இரண்டிலும் அச்சம் இல்லை. சேர்த்து வைத்தால் வருகிறது. ஆகவே பொருள் இணைப்பில் இருக்கிறது, உதட்டில் இல்லை.

இணைப்பு எப்படி என்றால்: ஒரு படத்தில் தொடுவானக் கோடுதான் நம் கண்மட்டம். இங்கே அது வெகு மேலே இருக்கிறது, சிலையின் தலையைத் தாண்டி. கணக்குப்படி நாம் அவளை மேலிருந்து பார்க்க வேண்டும், உச்சந்தலை தெரிய வேண்டும். தெரிவதில்லை. அவளை நேர்மட்டத்தில் நின்று பார்ப்பதுபோல வரைந்திருக்கிறார். நிலத்துக்கு ஒரு கண், சிலைக்கு இன்னொரு கண்.

மேடைப்பலகை | பிப்ரவரி 9, இரவு 8.20

தொலைவிலிருந்து குறுகிய கோணத்தில் பார்த்தாலும் உச்சந்தலை தெரியாது. பத்து டிகிரி சரிவில் யாருடைய வழுக்கை தெரிகிறது?

கரிக்கோடு | பிப்ரவரி 9, இரவு 9.10

அப்படியானால் நிலமும் அதே பத்து டிகிரியில் படுத்துக்கிடக்க வேண்டும். கரையும் குன்றும் ஒன்றின்மேல் ஒன்று நசுங்கி, கோடுகளாகத் தெரிய வேண்டும். இங்கே நிலம் விரித்துப் போட்டதுபோலத் தெரிகிறது. நீர் எங்கே புகுந்தது, எந்தக் குன்று துண்டாக நிற்கிறது என்று விரல் வைத்துச் சொல்லலாம். ஒரே கண்ணுக்கு இரண்டும் கிடைக்காது.

மேடைப்பலகை | பிப்ரவரி 9, இரவு 10.45

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதில் தத்துவம் தேடுமுன் தொழிலைப் பாருங்கள். மேடையில் பின்திரை ஒரு தனிச் சித்திரம். அதற்குத் தனிக் கண்மட்டம், கோடுகள் போய்ச் சேரும் தனி மறைபுள்ளி. முன்னால் நிற்கும் நடிகர் நிஜ உடம்பு. இரண்டும் ஒரே கணக்கில் சேராது. திரைக்கு மிக அருகில் நடிகரை நிறுத்தினால் குட்டு வெளிப்படும், அதனால் இடைவெளி விட்டு முன்னே கொண்டுவருவார்கள்.

பாக்ஸ்ட் 1902-ல் ‘ஹிப்போலிட்டஸ்’, 1904-ல் ‘கொலோனஸில் ஈடிபஸ்’ என்று கிரேக்க நாடகங்களுக்கு அலெக்சாண்ட்ரின்ஸ்கி அரங்கில் காட்சியமைத்தவர். அடுத்த சில ஆண்டுகளில் தியாகிலேவின் பாலே குழுவுக்கு ‘கிளியோபாட்ரா’, ‘ஷெஹரசாட்’. அவர் கை மேடைக் கை. கல்யாண ஸ்டூடியோவில் தாஜ்மகால் திரைக்கு முன்னால் ஜோடியை நிறுத்தும் உத்தியும் இதுவும் ஒரே குடும்பம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ‘இரண்டு கண்’ என்பது அவருக்குப் பழக்கம்.

மண்வெட்டி | பிப்ரவரி 10, காலை 6.40

பழக்கமோ திட்டமோ, சரக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1907 மே மாதம் பாக்ஸ்டும் ஓவியர் வலென்தின் செரோவும் கிரேக்கம் போகிறார்கள். ஏதென்ஸ், கிரீட் தீவு, அங்கே க்னோஸோஸ் அரண்மனை இடிபாடு. படத்தை அதற்கு முன்பே தொடங்கியாயிற்று. பயணத்துக்குப் பிறகு முழுவதும் மாறிவிட்டது.

ஏதென்ஸில் அவர்கள் கண்டது முக்கியம். 1886 பிப்ரவரியில் அக்ரோபோலிஸ் குன்றில், எரெக்தியான் கோயிலுக்கு அருகே ஒரே குழியில் 14 கோரேகள் கிடைத்தன. கி.மு. 480-ல் பாரசீகப் படை அக்ரோபோலிஸைக் கொளுத்தி உடைத்துப் போட்டது. ஊர் திரும்பிய ஏதென்ஸ்காரர்கள் உடைந்த காணிக்கைச் சிலைகளைக் குப்பையில் எறிய மனம் வராமல் அங்கேயே புதைத்து மேடு நிரப்பினார்கள். 2,300 ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள். அதனால்தான் வண்ணம்கூட ஒட்டியிருந்தது.

ஆகவே இவள் அழிவைப் பார்த்துக்கொண்டு நிற்பவள் அல்லள், அழிவில் சிக்கி மீண்டவள். இந்த ஓவியத்தில் உண்மையான இடிபாடு அவள்தான். பின்னால் இருக்கும் ஊர் இன்னும் இடிந்து முடியவில்லை.

தென்கரை | பிப்ரவரி 10, காலை 8.00

இது எனக்குப் பிடிக்கிறது. ஆனால் அப்படியானால் அவளை உடைந்தவளாகக் காட்டியிருக்க வேண்டாமா? கை, மூக்கு எல்லாம் முழுசாக இருக்கிறதே.

மண்வெட்டி | பிப்ரவரி 10, மதியம் 12.55

கை விஷயம் சுவாரசியமானது. பல கோரேகளுக்கு ஒரு முன்கை காணிக்கையை நீட்டியபடி இருக்கும். அதைத் தனிச் சலவைக்கல்லில் செதுக்கி, முழங்கையில் குழி வெட்டிச் சொருகுவார்கள். சிலை சாய்ந்தால் முதலில் போவது அந்தக் கைதான். ‘பெப்லோஸ் கோரே’ என்று பிரபலமானவளைப் பாருங்கள்: இடது முன்கை இருந்த இடத்தில் வெறும் குழி. காணிக்கையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தால் கையும் உடம்பும் ஒரே கல், அது தப்பிக்கும். பிரான்ஸின் லியோன் நகரில் மேல்பாதி இருக்கும் கோரே அப்படித்தான் புறாவை மார்போடு வைத்திருக்கிறாள். அவளுடைய கீழ்த் துண்டு ஏதென்ஸில். அவளும் இரண்டாகப் பிரிந்தவள்தான். பாக்ஸ்ட் எடுத்தது இந்தத் தப்பிக்கும் நிலையை. முழுசாக வரைந்திருக்கிறார், ஆனால் எது முழுசாக மிஞ்சுமோ அதை.

ஒரு வேடிக்கை: பல கோரேகளின் உச்சந்தலையில் உலோக முள் ஒன்று நட்டிருக்கும். பறவை உட்கார்ந்து அசிங்கப்படுத்தாமல் இருக்க என்று ஒரு கருத்து உண்டு. கையில் பறவை, தலையில் பறவைக்குத் தடை.

கரிக்கோடு | பிப்ரவரி 10, மதியம் 2.10

பாக்ஸ்ட் உச்சந்தலையைக் காட்டாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

நீலாங்கரை | பிப்ரவரி 12, இரவு 7.30

நடுவில் நுழைகிறேன். நீலப் பறவை க்னோஸோஸ் சுவரோவியத்திலிருந்து வந்தது. பாறைகளுக்கு நடுவே நீலப் பறவை உட்கார்ந்திருக்கும் அந்த மினோவன் (கிரீட்டின் வெண்கலக் கால நாகரிகம்) துண்டு எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. பின்னணியில் இருப்பது சான்டோரினி எரிமலை வெடித்துக் கிரீட் அழிந்த கதை. இதில் என்ன குழப்பம்?

மண்வெட்டி | பிப்ரவரி 12, இரவு 9.00

இரண்டுமே கால வரிசையில் உட்காராது.

அந்தப் பறவை ஓவியம் கிடைத்தது க்னோஸோஸைத் தோண்டிய ஆங்கிலேயர் ஆர்தர் எவான்ஸ் ‘சுவரோவிய வீடு’ என்று பெயரிட்ட கட்டடத்தில், 1923-ல். படம் முடிந்து 15 ஆண்டு கழித்து. சான்டோரினி வெடிப்புதான் மினோவன் கிரீட்டை வீழ்த்தியது என்று கிரேக்கத் தொல்லியலாளர் மரினாடோஸ் எழுதியது 1939-ல். சான்டோரினியில் சாம்பலுக்குள் புதைந்த அக்ரோதிரி ஊரை அவர் தோண்டத் தொடங்கியது 1967-ல். கிரீட்டையும், கடலில் மூழ்கியதாகப் பழங்கதை சொல்லும் அட்லாண்டிஸையும் முடிச்சுப் போட்டு லண்டன் ‘டைம்ஸ்’ ஏட்டில் பெயரில்லாத கட்டுரை வந்ததே 1909 பிப்ரவரியில். பாக்ஸ்ட் 1908-லேயே தூரிகையைக் கழுவி வைத்தாயிற்று.

இன்னொன்று: இன்றைக்குச் சுற்றுலாப் படங்களில் காணும் சிவப்புத் தூண் க்னோஸோஸை மனதில் வைத்து இந்தப் படத்தைப் படிக்காதீர்கள். அந்தக் கான்கிரீட் வேலையில் பெரும்பகுதி 1920-களைச் சேர்ந்தது. 1907-ல் எவான்ஸ் தோண்டத் தொடங்கி ஏழு ஆண்டுதான் ஆகியிருந்தது. சிம்மாசன அறைக்குக் கூரை, பெரிய படிக்கட்டுக்கு முட்டு, அவ்வளவுதான் நடந்திருந்தது. அவர்கள் பார்த்தது பெரும்பாலும் குழியும் தாழ்ந்த சுவரும்.

நீலாங்கரை | பிப்ரவரி 12, இரவு 9.25

அப்போ நீலம் எங்கிருந்து?

மண்வெட்டி | பிப்ரவரி 12, இரவு 10.05

கிரேக்கப் பழஞ்சிலைகளில் நீலம் தாராளம். அக்ரோபோலிஸிலேயே முகப்புச் சிற்பம் ஒன்று உண்டு: மூன்று உடல், கீழே பாம்பு வால், நீல நிறத் தாடி. ஊரே அதை ‘நீலத்தாடி’ என்றுதான் கூப்பிடுகிறது. 1880-களில் தோண்டி எடுத்தபோது வண்ணம் இன்னும் பளிச்சென்று இருந்தது. எமில் ஜில்லியேரோன் என்ற சுவிஸ் ஓவியர் அந்தச் சிலைகளை அப்போதே நீர்வண்ணத்தில் பிரதி எடுத்தார். பிறகு க்னோஸோஸில் எவான்ஸுக்குச் சுவரோவியங்களை ஒட்டிச் சரிசெய்து கொடுத்ததும் அதே ஆள்தான்.

பறவை புறா என்றால் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டியின் சின்னம். அதற்கு நீலம் பூசியது பாக்ஸ்டின் முடிவு. ஒரு மாதிரியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

தென்கரை | பிப்ரவரி 13, காலை 7.20

மேட்டர்லிங்கின் ‘நீலப் பறவை’ நாடகம் மாஸ்கோ கலை அரங்கில் மேடையேறியதும் 1908-தானே?

மேடைப்பலகை | பிப்ரவரி 13, காலை 9.40

ஆம், செப்டம்பர் கடைசி, ஸ்தனிஸ்லாவ்ஸ்கி இயக்கம். பார்வையாளர்கள் இரண்டையும் சேர்த்துப் படித்திருப்பார்கள். அது வரவேற்பின் கதை. படத்துக்கு மூலம் என்று சொல்ல அதுமட்டும் போதாது.

கரிக்கோடு | பிப்ரவரி 13, இரவு 10.30

வரவேற்பு என்றதும் இவானொவைச் சொல்லாமல் போக முடியாது. கவிஞர் வியாச்செஸ்லாவ் இவானொவ், பெர்லினில் மொம்சனிடம் ரோம வரலாறு படித்தவர். 1909-ல் இந்த ஒரு படத்தை வைத்தே உரை நிகழ்த்தி, ‘தங்கக் கம்பளி’ இதழில் ‘பழைய அச்சம்’ என்று நீண்ட கட்டுரையாக வெளியிட்டார். அவர் வாசிப்பில் சிலை வெறும் பெண் அல்லள், எல்லாக் கடவுளுக்கும் மேலே இருக்கும் விதி. பழையவர்கள் பயந்தது கடலுக்கோ இடிக்கோ அல்ல, விதிக்கு. அஃப்ரோடைட்டியின் முகம் போட்டுக்கொண்ட விதி, உயிரைத் தருவதும் எடுப்பதும் அவளே. ‘அழகு நிலைக்கும்’ கட்சியைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் எனக்கு ஒரு குறை. விதி என்று பெயர் வைத்ததும் படம் நீதிக்கதை ஆகிவிடுகிறது. பெயர் வைத்தபின் பயம் குறையும். பாக்ஸ்ட் பெயர் வைக்கவில்லை. கோரே சிலைகளிலேயே அது தெய்வமா, பூசாரிணியா, காணிக்கை கொடுத்த வீட்டுப் பெண்ணா என்று பல சமயம் சொல்ல முடியாது. அந்தத் தெளிவின்மையை அப்படியே கொண்டுவந்திருக்கிறார்.

மேடைப்பலகை | பிப்ரவரி 14, காலை 6.15

1909-ல் அந்த உரையைக் கேட்டவர்கள் எந்த மனநிலையில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1908 டிசம்பர் 28-ல் மெசினா நிலநடுக்கம். இத்தாலியின் அந்தத் துறைமுகம் அதிர்ச்சியிலும் ஆழிப்பேரலையிலும் தரைமட்டம். முதலில் போய்ச் சேர்ந்து இடிபாட்டில் ஆள் தோண்டியவர்களில் ரஷ்யக் கடற்படையினர் உண்டு, ஏடுகள் முழுக்க அதே செய்தி. படம் அதற்கு முந்தியது. அதைப் பார்த்த கண்கள் பிந்தியவை. 1905 புரட்சியின் சூடும் ஆறியிருக்கவில்லை.

நீலாங்கரை | பிப்ரவரி 14, காலை 8.50

கடல்கோள் என்றால் நமக்குக் குமரிக்கண்டம் ஞாபகம் வராதா? யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன்.

மண்வெட்டி | பிப்ரவரி 14, காலை 9.05

வரும். வரட்டும். ஆனால் பாக்ஸ்டுக்கு அது தெரிந்திருந்ததாக எந்தத் தடயமும் இல்லை. அவர் பக்கம் பிளேட்டோ: ‘திமேயஸ்’, ‘கிரிட்டியாஸ்’. ஒரே பகலில், ஒரே இரவில் அட்லாண்டிஸ் கடலுக்குள் போனது, ஏதென்ஸின் பழைய சட்டமியற்றுநர் சோலோனுக்கு 9,000 ஆண்டு முன்னால். குமரிக்கண்டத்துக்குத் தனி இழை திறந்தால் வருகிறேன், சண்டைக்குத் தயாராகத்தான்.

தென்கரை | பிப்ரவரி 15, இரவு 9.30

9,000 ஆண்டு என்றால் காலம் முழுவதும் கலைந்துவிடுகிறதே. அட்லாண்டிஸ் ஒரு காலம். பெரும்பாறைக் கோட்டைகள் மைசீனி (கிரேக்கத்தின் வெண்கலக் கால நகரம்) வகை, அதன் சிங்க வாயில் காலம், கி.மு. 1250 பக்கம். தூண் வைத்த கோயில்கள் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு பிந்தியவை. கோரே கி.மு. 530 பக்கம். ஒரே மின்னலில் எல்லாம் எப்படி?

கரிக்கோடு | பிப்ரவரி 15, இரவு 11.50

இதைத்தான் பலர் ‘தொல்லியல் கதம்பம்’ என்று தள்ளிவிடுகிறார்கள். நான் இதைத்தான் படத்தின் முதுகெலும்பு என்பேன்.

ஒரு குறிப்பிட்ட ஊரின் கடைசி நாளை வரைய வேண்டும் என்றால் எப்படி வரைவார்கள் என்பதற்கு அதே அருங்காட்சியகத்திலேயே உதாரணம் இருக்கிறது: கார்ல் ப்ரியுல்லோவின் ‘பொம்பேயின் கடைசி நாள்’, 1830–33, ஏறக்குறைய நாலரை மீட்டர் உயரம், ஆறரை மீட்டர் அகலம். அங்கே நாம் தெருவில் நிற்கிறோம். தாய் பிள்ளையை அணைக்கிறாள், மகன்கள் கிழவரைத் தூக்குகிறார்கள், சிலைகள் கூரையிலிருந்து சாய்கின்றன. யாருக்காக அழ வேண்டும் என்று ஓவியர் சொல்லிக்கொடுக்கிறார். அங்கே சிலை விழும், மனிதர் பெரிது. பாக்ஸ்டில் மனிதர் புள்ளி, சிலை பெரிது, விழவும் இல்லை. அழுவதற்கு ஒரு முகம்கூடத் தரவில்லை. முகம் என்று இருப்பது ஒன்றுதான், அதுவும் நடப்பதற்கு முதுகைக் காட்டி நம்மைப் பார்க்கிறது.

காலங்களைக் கலந்ததால் இது எந்த ஊரின் அழிவும் இல்லை. மைசீனி போனது, ஏதென்ஸ் எரிந்தது, அட்லாண்டிஸ் கதையில் மூழ்கியது, எல்லாம் தொலைவிலிருந்து ஒரே நிலப்பரப்பாகத் தெரிகிறது. எந்தத் தொலைவு? அங்கேதான் நான் முன்பு சொன்ன இரண்டு கண். நிலத்தைப் பார்க்கும் கண் வானத்தில் இருக்கிறது, காலத்தாலும் தூரத்தாலும் எட்டப் போனது. சிலையைப் பார்க்கும் கண் அருங்காட்சியகத் தரையில், அவளுக்கு எதிரே, 1907-ல். இரண்டும் ஒரே பார்வையாளரின் கண். நாம் அழிவுக்கு வெளியே பத்திரமாக நிற்கிறோம் என்று படம் முதலில் நம்ப வைக்கிறது. பிறகு நிற்பதற்குத் தரை தராமல் விட்டுவிடுகிறது. அவளுக்குப் பீடம் இல்லை என்றேன். நமக்கும் இல்லை.

மேடைப்பலகை | பிப்ரவரி 16, காலை 7.00

‘தரை இல்லை’ என்பதில் உடன்பாடு. ‘திட்டமிட்டு’ என்பதில் முக்கால் உடன்பாடு. செரோவை வைத்துச் சரிபார்க்கலாம். அதே பயணத்தின் விளைவு அவருடைய ‘யூரோப்பாவின் கடத்தல்’, 1910: காளை வடிவெடுத்த ஜீயஸ் கடவுள் ஒரு பெண்ணைக் கடல் தாண்டித் தூக்கிப்போகும் கதை. யூரோப்பாவின் முகம் நேராகக் கோரே முகம், அசையாத முகமூடி. தொடுவானம் அங்கேயும் வெகு மேலே. ஆனால் காளை, அலை, டால்பின் எல்லாம் ஒரே சரிவில் ஓடுகின்றன, பெண்ணும் அதே அலையில் ஏறி வருகிறாள். பயம் கிடையாது. ஒரே சிலை முகம், ஒரே உயர்ந்த தொடுவானம், வேறு விளைவு. அப்படியானால் வித்தியாசம் செய்வது நிலத்துக்கும் சிலைக்கும் இடையிலான அந்தப் பார்வைப் பிளவுதான். கரிக்கோடு ஜெயிக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம், இன்றைக்கு மட்டும்.

நிறத்தையும் கவனியுங்கள். ‘ஷெஹரசாட்’டில் சிவப்பையும் பச்சையையும் மோதவிட்டுப் பாரிஸையே ஆடவைத்தவர், இங்கே சாம்பலும் கடல்பச்சையும் தாண்டிப் போகவில்லை. பறவை மட்டும் சட்டென்று நீலம்.

தென்கரை | மார்ச் 2, இரவு 8.45

சிலையை மறைக்கும் சோதனையைச் செய்து பார்த்தாயிற்று. கேலி என்ற என் கட்சியில் பாதி நிற்கிறது: தனியாக அவள் சாது, பின்னணியோடுதான் கேலியாகிறாள். மீதிப் பாதிக்கு நல்ல அச்சு வேண்டும். எந்த அளவில் போடுவது?

கரிக்கோடு | மார்ச் 2, இரவு 10.10

அகலம் 27 செ.மீ., உயரம் 25 செ.மீ. மூலத்தில் சரியாகப் பத்தில் ஒன்று. அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்திக்கு 3,189 × 2,953 பிக்சல் வேண்டும். அதற்குக் குறைந்தால் பின்னணி ஆட்கள் கரைந்துபோவார்கள். ஏ4-ல் அடங்காது, ஏ3-ல் போட்டு ஓரத்தை வெட்டுங்கள்.

இணையத்தில் சுற்றும் கோப்புகளில் மூன்று கோளாறு வரும். ஒன்று, யாராவது ஓரத்தை நறுக்கியிருப்பார்கள். அகலத்தை உயரத்தால் வகுத்து 1.08 வருகிறதா பாருங்கள். கீழே நறுக்கியிருந்தால் சிலை மார்பளவுச் சிலை ஆகிவிடும், மேலே நறுக்கியிருந்தால் தொடுவானம் இன்னும் உயர்ந்ததுபோல ஏமாற்றும். இரண்டு, வானத்தின் விவரம் தெரியட்டும் என்று வெளிச்சத்தை ஏற்றியிருப்பார்கள், மின்னல் தனித்து நிற்காது. மூன்று, மஞ்சள் சாயல். கடல் பாசிப்பச்சையாகும், பறவையின் நீலம் செத்துவிடும். பறவை பின்னணிக் கடலோடு கலந்து தெரிந்தால் அந்தக் கோப்பைத் தூக்கிப் போடுங்கள்.

அச்சை 25 செ.மீ. தள்ளி, கண்மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். மூலத்துக்கு முன்னால் இரண்டரை மீட்டரில் நிற்கும் அதே கோணம். சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டுச் சோபாவிலிருந்து பார்த்தால் சிலை மட்டும்தான் தெரியும்.

நீலாங்கரை | மார்ச் 2, இரவு 10.40

ஏ3 வண்ண அச்சு மேட் தாளிலா, கிளாஸிலா?

கரிக்கோடு | மார்ச் 2, இரவு 10.52

மேட். கிளாஸில் இருண்ட வானத்தில் உங்கள் முகமும் டியூப் லைட்டும்தான் தெரியும்.